காப்பிப் பொடி மேல் விழுந்த பழி

"துடிக்குது. மூடு."

பெரிய டாக்டர் சொன்னது அவ்வளவுதான். ஆள்காட்டி விரல் நுனியை அந்த ரத்தக் குழாய் மேல் ஒரு மூச்சு நேரம் வைத்தார், எடுத்தார். கண்ணில் மாட்டியிருந்த என் கண்ணாடியைக் கழற்றினார். ஆமாம், என்னுடைய கண்ணாடி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதை ட்ரேயில் டங்கென்று போட்டார். கையுறையை உருவ ஆரம்பித்துவிட்டார்.

"சார், துடிக்கறது மட்டும் போதாது சார். அடைச்ச குழாயும் துடிக்கும். ஒரே ஒரு தடவை பிதுக்கிப் பார்த்துடறேன்."

"யாருக்கு யார் பாடம் எடுக்கறது? மூடும்மா."

மேஜை மேல் நீண்டிருந்தது சுல்தான் பாயின் வலது கை. காலையில் சோடா பாட்டில் வெடித்து, மணிக்கட்டில் கண்ணாடி பாய்ந்து, கைக்குப் போகும் இரண்டு பெரிய ரத்தக் குழாய்களும் அறுந்துவிட்டன. அதில் ஒன்றை முடிச்சுப் போட்டுக் கட்டியாகிவிட்டது. மற்றதைத் தைத்திருந்தார். அந்த ஒன்று ஓடினால் கை பிழைக்கும். ஓடாவிட்டால் கறுத்துப் போகும், வெட்டி எடுக்க வேண்டும். பாய் கோழிக்கடைக்காரர். வலது கை இல்லாமல் என்ன செய்வார்?

நான் தோலை மூடித் தைத்தேன். உதட்டைக் கடித்ததில் முகக்கவசத்துக்குள் ரத்தம் உப்புக் கரித்தது. இப்போது எழுதும்போதும் அந்த உப்பு நாக்கில் இருக்கிறது.

போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார், "டாக்டரம்மா, உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று. கேட்டுவிட்டீர்களா? உட்காருங்கள், சொல்கிறேன்.

தின்ன அல்ல, தைக்க

அறுபதுகளின் தொடக்கம். திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் உதவி சர்ஜன். பேர் வேண்டாம், கட்டடமே இப்போது மாறிப்போய்விட்டது. பெண் டாக்டர் என்றால் பிரசவ வார்டு என்று ஊரே முடிவு கட்டியிருந்த காலம். நான் அறுவை வார்டில் நின்றதே சில பேருக்குக் கண்ணில் விழுந்த தூசி.

சின்ன ரத்தக் குழாய் அறுந்தால் அப்போது எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், இரண்டு முனையையும் நூலால் கட்டிவிடுவது. ரத்தம் நிற்கும், ஆள் பிழைப்பார். விரலோ கையோ போனால் அது அவர் தலையெழுத்து. வெளிநாட்டில் மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு தீக்குச்சி கனம் உள்ள குழாயைக் கூட ஒட்டுப்போடுகிறார்கள் என்று ஒரு மருத்துவப் பத்திரிகையில் படித்தேன். படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மைக்ராஸ்கோப்புக்கு எங்கே போவது? ஆண்டார் வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டம் ஒன்றை வாங்கி, வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடி இரண்டை அதில் பொருத்தச் சொன்னேன். நகைப் பட்டறையில் கல் பதிக்கிறவர்கள் வைத்திருக்கும் கூர்மூக்குச் சாமணம் வாங்கினேன். நூலும் ஊசியும் கண் வார்டில் கெஞ்சி வாங்கியது. முடியை விட மெல்லிய பட்டு நூல், மூச்சு விட்டால் பறக்கும்.

பழகுவதற்குக் குழாய் வேண்டுமே! கோழித் தொடைச் சதைக்குள் ஓடுகிற ரத்தக் குழாய் நம் விரல் குழாயைப் போலத்தான் இருக்கும். மலைக்கோட்டைக்குக் கீழே சந்துக்குள் இருந்த சுல்தான் பாய் கடைக்குப் போனேன். நெற்றியில் கீற்று, பின்னல், மடிப்புக் கலையாத நூல் புடவை. பாய் என்னைப் பார்த்தார், தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள வாங்கம்மா. யாரும் பார்க்க மாட்டாங்க."

"ஒரு தொடை கொடுங்க பாய். வெட்டாதீங்க. முழுசா வேணும்."

"முழுசா போட்டா மசாலா ஏறாதும்மா. புதுசா சமைக்கறீங்க போல. நாலா கீறித் தரேன், தயிர் தடவி ஊற வச்சுடுங்க."

"நான் தின்ன வாங்கலை பாய்! தைக்க வாங்கறேன்!"

"தைக்கவா?"

பாயின் மனைவி மைமூன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். என் வயதுதான் இருக்கும். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து அந்தச் சந்தில் எனக்குச் செத்த கோழிக்கு ஆபரேஷன் பண்ற டாக்டரம்மா என்று பேர். போகும்போதெல்லாம் மைமூன் கேட்பார், "போன வாரம் தச்ச கோழி எந்திரிச்சு நடக்குதாங்க?" அந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைவே இல்லை. அதனால்தான் பின்னால் நடந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

பூசணிக் காம்பு

விஷயம் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு எப்படி வந்ததோ! எங்கள் வீதியில் நாலு வீடு தள்ளி இருந்த ஒரு மாமா என்னை அந்தச் சந்தில் பார்த்துவிட்டார். அவருக்கு அங்கே என்ன வேலை என்று ஒருத்தரும் கேட்கவில்லை, பாருங்கள். ஒரு வாரத்தில், டாக்டருக்குப் படித்த பெண் மாமிசம் சாப்பிடுகிறாள் என்று வீதி முழுக்கப் பேச்சு. கும்பகோணத்திலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. எனக்கு அதில் சந்தோஷம்தான். அம்மா மட்டும் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

மூன்றாம் நாள் அந்த மாமா வாசலில் நின்று துக்கம் விசாரிப்பது போல ஆரம்பித்தார். அம்மா கையில் கரண்டியோடு வந்தார்.

"எம் பொண்ணு அதைத் திங்கலை. செத்ததுல ரத்தம் ஓடுமான்னு பார்த்துண்டிருக்கா. நீர் போய்ப் பெருமாள் சேவிக்கற வழியைப் பாரும்."

அம்மாவுக்கு ஒரு விதி உண்டு. கோழி வீட்டுக்குள் வரக்கூடாது. நானும் கொல்லைப்புறம் வந்து கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தைப்பது ஆஸ்பத்திரிக் கிடங்கு அறையில் மத்தியான நேரத்தில். வீட்டிலும் பழகலாம் என்று வெங்காயத்தாள் வாங்கிக்கொண்டு வந்தேன், குழாய் மாதிரி இருக்கிறதே என்று. "வெங்காயமா? நம்ம ஆத்துக்கா?" என்று அம்மா அலறிய அலறலில் கொல்லையில் கட்டியிருந்த பசு மிரண்டது. கோழியும் கூடாது, வெங்காயமும் கூடாது என்றால் நான் எதைத்தான் தைப்பது என்று கத்தினேன்.

அம்மா கொல்லைக்குப் போய்ப் பூசணிக் கொடியிலிருந்து ஒரு இலையைக் காம்போடு கிள்ளிக்கொண்டு வந்து போட்டார். காம்பு உள்ளே வெறும் குழல்.

"இது குழாய்தானே? இதைத் தையேன்."

தைத்தேன். கோழியை விடக் கஷ்டம். நூலை ஒரு இம்மி கூடுதலாக இழுத்தால் காம்பு கிழிந்துவிடும். தளிகைக்கு நறுக்க வைத்திருந்த காம்பையெல்லாம் தைத்துத் தைத்துக் கிழித்தேன். "ஒட்டிண்டுதாடி?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்பார். ஒட்டிக்கொண்டது என்று சொல்ல எனக்கு மாதக்கணக்கில் ஆயிற்று.

தைப்பதில் சூட்சுமம் இதுதான், யாருக்கும் புரியும். அறுந்த வாயை வெட்டிச் சுத்தமாக்க வேண்டும். குழாய்க்கு வெளியே மெல்லிய சவ்வு ஒன்று தொளதொளவென்று இருக்கும். சட்டைக் கையை மடித்துவிடுவது போல அதைப் பின்னுக்குத் தள்ளிவிட வேண்டும். தள்ளாவிட்டால் ஊசியோடு அது உள்ளே நுழைந்துவிடும், நுழைந்தால் அதன் மேல் ரத்தம் உறையும். பிறகு வாயைச் சுற்றி மூன்று இடத்தில் நூல் போட்டு மூன்று பக்கம் இழுத்துப் பிடித்தால் வட்டம் முக்கோணமாகிவிடும். ஒவ்வொரு பக்கமாகத் தைத்துக்கொண்டே போகலாம். முன்சுவரோடு பின்சுவர் சேர்ந்து தைபடாது.

தைத்த பிறகு பிதுக்கிப் பார்க்க வேண்டும். தையலைத் தாண்டி விரல் பக்கமாக இரண்டு சாமணத்தால் குழாயை மெல்லப் பிடித்து, ஒன்றை நகர்த்தி நடுவில் உள்ள ரத்தத்தை வழித்துவிட்டால் அந்த இடம் சப்பையாகும். தையல் பக்கத்துப் பிடியை விட வேண்டும். சர்ரென்று நிரம்பினால் வழி திறந்திருக்கிறது. நிரம்பாவிட்டால் அடைப்பு. வெறுமனே விரலை வைத்துத் துடிக்கிறது என்று சொல்லக் கூடாது. மேலேயிருந்து ரத்தம் மோதும்போது அடைத்த குழாயும் ஆடத்தான் செய்யும்.

ஜட்காவில் வந்தவர்கள்

அன்று காலை ஜட்கா ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. குதிரை நுரை தள்ளியது. உள்ளே சுல்தான் பாய் சாய்ந்து கிடக்க, மைமூன் இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கை வரை ரத்தம். ரத்தத்தோடு கருப்பாக ஏதோ அப்பியிருந்தது. காப்பிப் பொடி.

நம் வீடுகளில் வழக்கம்தானே? வெட்டுக்காயம் என்றால் அடுப்படிக்கு ஓடு, காப்பிப் பொடியை அள்ளி அப்பு. செய்யாதீர்கள் என்று இன்றைக்கும் சொல்கிறேன், காயம் சீழ் வைக்கும். ஆனால் அந்தப் பெண் பொடியை அப்பியதோடு நிற்கவில்லை. மலைக்கோட்டையிலிருந்து ஆஸ்பத்திரி வரை பிடியை விடவே இல்லை. நான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. விரல்கள் மரத்துப் போயிருந்தன. அந்தப் பிடி இல்லாவிட்டால் பாய் பாதி வழியிலேயே மவுத்தாகியிருப்பார்.

"டாக்டரம்மா, கோழியைத் தச்ச மாதிரி தச்சிடுங்கம்மா" என்றார் பாய். அந்த வலியிலும் சிரிக்கப் பார்த்தார்.

பெரிய டாக்டர் வந்தார். வெள்ளைக் கால்சட்டை, பளபளக்கும் ஷூ. பார்த்தார். "ரெண்டையும் கட்டிடு. கறுத்தா அப்புறம் எடுத்துக்கலாம்."

"சார், தைச்சுப் பார்க்கலாம் சார். நான் பழகியிருக்கேன்."

"எங்க பழகினே? கோழியிலயா?" நர்ஸ்கள், கம்பவுண்டர் எல்லாம் இருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

பாய் தலையைத் தூக்கினார். "அந்தம்மாவே தைக்கட்டுங்க ஐயா. எனக்கு நம்பிக்கை இருக்கு."

அந்த ஒரு வார்த்தை போதும், அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஒரு கோழிக்கடைக்காரன் தன்னை விட்டுவிட்டு இந்தப் பெண்ணைக் கேட்பதா? "கொடு அந்தக் கண்ணாடியை" என்றார். வாழ்நாளில் போட்டுப் பார்க்காத கண்ணாடி. மாட்டிக்கொண்டார். நான் காயத்தைக் கழுவோ கழுவென்று கழுவினேன். கடைசித் தூள் போகும் வரை உப்புநீரைப் பீய்ச்சினேன். பிறகு அவர் தைத்தார். சவ்வைத் தள்ளவில்லை. "சார், அந்தச் சவ்வு" என்றேன். "தெரியும்" என்றார். தெரியாது! வயிற்றைத் தைக்கிற வேகத்தில் தைத்தார். விரலை வைத்தார்.

துடிக்குது. மூடு.

மத்தியானத் தூக்கம்

பன்னிரண்டு அடிப்பதற்குள் விரல்கள் சில்லிட்டுவிட்டன. நகத்தை அழுத்தினால் வெள்ளை, விட்டாலும் வெள்ளை. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். பெரிய டாக்டர் வார்டுக்கு வந்து ஒரு பார்வை பார்த்தார். கட்டிலோரம் நின்ற மைமூன் பக்கம் திரும்பினார். வார்டு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்:

"நீதானே காப்பிப் பொடியை அடைச்சே? அது குழாய்க்குள்ள போயிடுச்சு. உன் புருஷன் கையை நீயே கெடுத்துட்டே. சாயந்திரம் வந்து எடுத்துடறேன்."

மைமூன் ஒரு சத்தம் போட்டார். அழுகை என்று சொல்ல முடியாது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. பாவி மனுஷா! தன் தையல் தப்பு என்று சொல்ல வேண்டாம், சும்மாவாவது இருந்திருக்கலாமே. ரத்தம் காயாத அந்தக் கைகளின் மேலா பழியைத் தூக்கிப் போடுவது?

அவருக்கு ஒரு வழக்கம். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தால் நாலு மணி வரை எழுப்பக்கூடாது. ஊரில் தீப்பிடித்தாலும் கூடாது. அவர் கார் கேட்டைத் தாண்டியதும் நான் மயக்க மருந்து டாக்டர் ஆரோக்கியசாமியிடம் போனேன். நல்ல மனுஷர், பயந்த சுபாவம்.

"திறக்கப் போறேன். மயக்கம் கொடுங்க."

"அவருக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் தொலைச்சுடுவாரும்மா."

"நாலு மணிக்கு அந்தக் கை போயிடும். என்ன சொல்றீங்க?"

அவர் கதவுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு ஊசியை எடுத்தார்.

என் கண்ணாடியை நானே மாட்டிக்கொண்டேன். பிரித்தேன். குழாய் ஆடிக்கொண்டுதான் இருந்தது, அவர் சொன்ன அதே துடிப்பு. தையலைத் தாண்டிப் பிதுக்கினேன், பிடியை விட்டேன். நிரம்பவில்லை. சப்பையாகவே கிடந்தது.

ரத்தம் பாயாமல் குழாயின் இரண்டு பக்கமும் சின்னப் பிடி மாட்டிவிட்டு, அவர் போட்ட தையலை வெட்டி எடுத்துக் குழாயைத் திறந்து பார்த்தேன். உள்ளே வெள்ளைச் சவ்வு நூல் நூலாகத் தொங்கியது, அதைச் சுற்றி ரத்தக் கட்டி. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடினேன். காப்பிப் பொடி ஒரு தூள் இல்லை. ஆரோக்கியசாமியையும் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தார். தலையாட்டினார்.

நல்ல இடம் வரும் வரை வெட்டியதில் குழாய் நீளம் குறைந்துவிட்டது. இரண்டு வாயும் எட்டவில்லை.  இழுத்துத் தைத்தால் கிழியும். அத்தனை பூசணிக் காம்பும் அதைத்தானே சொல்லியிருந்தது! நூலை இழுக்காமல் மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கிப் பிடிக்கச் சொன்னேன். சிஸ்டர் மடக்கிப் பிடித்தார். வாய் இரண்டும் பக்கத்தில் வந்தன.

சவ்வைத் தள்ளினேன். மூன்று நூல். முக்கோணம். ஒரு பக்கம், அடுத்த பக்கம், குழாயைப் புரட்டிப் பின்பக்கம். வியர்வை கண்ணாடிக்குள் இறங்கியது, சிஸ்டர் துடைத்துவிட்டார். விரல் பக்கப் பிடியை முதலில் விட்டேன், பிறகு மேல் பிடியை. தையல் ஓரங்களில் ரத்தம் கசிந்தது. வெதுவெதுப்பான ஈரத்துணியை வைத்து மூடிக்கொண்டு நின்றேன். அதுதான் எனக்குப் பொறுக்காத நேரம், ஒன்றும் செய்யாமல் நிற்கிற நேரம். ரங்கநாதா, ரங்கநாதா என்று வாய் முணுமுணுத்தது.

துணியை எடுத்தேன். பிதுக்கினேன். விட்டேன்.

சர்ரென்று நிரம்பியது.

கட்டைவிரல் நகத்தில் முதலில் ரோஜா நிறம் வந்தது. பிறகு ஒவ்வொரு விரலாக வந்தது. சிஸ்டர் "மாதாவே" என்றார். எனக்கு அம்மாவின் குரல் காதில் கேட்டது, ஒட்டிண்டுதாடி? ஒட்டிண்டுதும்மா!

கைராசி

நாலு மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார், கையை எடுக்க. கட்டு புதுசு. மணிக்கட்டு மடக்கி வைத்திருக்கிறது. நகமெல்லாம் சிவப்பு. அவருக்குத் தெரியாமல் இருக்குமா? என்னைப் பார்த்தார். ஆரோக்கியசாமியைப் பார்த்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு என்ன சொன்னார் தெரியுமா?

"பார்த்தீங்களா? காலையில நான் போட்ட தையல் இப்போ வேலை செய்யுது. கொஞ்சம் நேரம் எடுத்துக்கிட்டுது." மைமூனைப் பார்த்தார். "உன் காப்பிப் பொடியையும் மீறிக் கை பிழைச்சிருக்கு. இனிமேலாவது புத்தியோட இரு."

மைமூன் அவர் காலில் விழுந்தார்.

"இல்லை சார்" என்றேன். வார்டே திரும்பிப் பார்த்தது. "நீங்க தைச்சது அடைச்சுப் போச்சு. மத்தியானம் திறந்து நான் திரும்பத் தைச்சேன். உள்ளே காப்பிப் பொடி இல்லை. டாக்டர் ஆரோக்கியசாமியே பார்த்தார்."

எல்லாரும் ஆரோக்கியசாமியைப் பார்த்தார்கள். அவர் தன் செருப்பைப் பார்த்தார். "நான் மயக்கத்தைத்தான் கவனிச்சிட்டிருந்தேன் சார்" என்றார். அவர் குடும்பஸ்தர், நாலு பிள்ளைகள், எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய? இன்றைக்கும் ஆறவில்லை.

பெரிய டாக்டர் சிரித்தார். "அம்மாவுக்குக் களைப்பு. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. தண்ணியில்லாத காடு என்பார்களே, நிஜமாகவே தண்ணியில்லாத ஊர். அவருக்கு ஒரு மண்டபத்தில் மாலை போட்டு, கைராசி டாக்டர் என்று புகழ்ந்தார்களாம். கைராசி! யார் கை, யார் ராசி?

போவதற்கு முன் மைமூனை வராந்தாவில் உட்கார வைத்துப் படித்துப் படித்துச் சொன்னேன். உன் மேல் தப்பு இல்லை, உன் பிடிதான் அவரைக் காப்பாற்றியது என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஆறுதலுக்குச் சொல்றீங்க டாக்டரம்மா. பெரிய டாக்டரே சொல்லிட்டாங்களே" என்றார். அந்த மனுஷர் சொன்ன பொய் நின்றது, நான் சொன்ன நிஜம் ஆறுதலாகிவிட்டது. பொம்பளை டாக்டர் பேச்சுக்கு அவ்வளவுதான் எடை.

சந்துக்குள் மறுபடியும்

அறுபதுகள் முடிகிற சமயம் திருச்சிக்கே திரும்பி வந்தேன். முதல் வேலையாக அந்தச் சந்துக்குப் போனேன். பாய் கடையில் இருந்தார், கொஞ்சம் நரைத்து. வலது கையைத் தூக்கிக் காட்டினார். சுண்டுவிரல் மட்டும் விறைப்பு, மற்றதெல்லாம் மடங்கியது, நீண்டது. "கோழி எந்திரிச்சு நடக்குதும்மா" என்றார். 

உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மைமூன் வந்தார். சிரித்தார், ஆனால் பழைய சிரிப்பு இல்லை. பாய் எனக்காக ஸ்டூலை வலது கையால் இழுத்தார். மைமூன் ஓடி வந்து பிடுங்கிக்கொண்டார். பாய் தண்ணீர்ச் சொம்பை எடுத்தார், அதையும் வாங்கிக்கொண்டார். அந்தக் கை எதைத் தொட்டாலும் அவர் முகம் வெளுத்தது.

"காப்பி போடேன் மைமூன்" என்றேன் உரிமையோடு. ஸ்ரீரங்கத்து வீதி என்ன சொன்னால் என்ன?

 பாய்தான் சொன்னார், "எங்க வீட்டுல காப்பி கிடையாதும்மா. அன்னைக்கோட போச்சு. அந்தப் பொடி வாசனையே ஆகாதுங்கறா. எனக்கு வேணும்னா கிளப்புக் கடைக்குப் போய்க் குடிச்சுட்டு, வாய் கொப்பளிச்சுட்டுத்தான் உள்ள வரணும்."

"இவங்க கையை நான்தானே கெடுக்கப் பார்த்தேன்" என்றார் மைமூன், தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன செய்தேன் தெரியுமா? விடுவிடுவென்று பெரிய கடைத் தெருவுக்குப் போய், புதிதாக அரைத்த காப்பிப் பொடி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அதை மைமூன் முன்னால் வைத்தேன். அவர் பின்னால் நகர்ந்தார். நான் என் கையை நீட்டி, மணிக்கட்டைக் காட்டி, விரல்களை மூடிக்கொண்டேன்.

"பிடி. அன்னைக்கு ஜட்காவுல பிடிச்ச மாதிரி பிடி."

"வேணாங்க."

"பிடிம்மா!"

பிடித்தார். இரண்டு கையாலும். என்ன பிடி! எலும்பு வரை வலித்தது. விரல்களை விரித்துக் காட்டினேன். உள்ளங்கை வெளுத்துக் கிடந்தது.

"பார்த்தியா? ஒரு சொட்டு ரத்தம் தாண்டலை. அன்னைக்கு அவர் ரத்தம் வெளியே போகாம நின்னது இப்படித்தான். நீ விட்டிருந்தா அவர் ஆஸ்பத்திரிக்கே வந்திருக்க மாட்டார். இப்போ விடு."

விட்டார். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளங்கையில் நிறம் ஏறியது, விரல் நுனி வரை.

"நீ பிடிச்சதால கை கெடாது. நீ அப்பின பொடியைக் காலையிலேயே கழுவியாச்சு. திறந்து பார்த்தவ நான். தேடிப் பார்த்தவ நான். ஒரு தூள் இல்லை. கெட்டது அவர் தையல். பெரிய டாக்டர் சொன்னது பொய், மைமூன். பச்சைப் பொய்."

மைமூன் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் அழுத்தினார், விட்டார். மறுபடியும். ரத்தம் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தது.

"அப்போ நான் கெடுக்கலையா?"

"இல்லை."

அவர் அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை. பாய் பொங்கிவிட்டார். "இத்தனை வருஷம் தெருவுல நின்னு குடிச்சேனேடி! இந்தம்மா அன்னைக்கே சொன்னாங்கல்ல!" மைமூன் முந்தானையில் மூக்கைத் துடைத்தார். பொட்டலத்தை எடுத்தார், கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார், பிறகு அடுப்படிக்குப் போனார்.

காப்பி வந்தது. பழக்கம் விட்டுப் போனதில் தண்ணீராக இருந்தது, சர்க்கரை வேறு அதிகம். பாய் டம்ளரை வலது கையில் எடுத்து உயரத் தூக்கி ஆற்ற ஆரம்பித்தார். நான் மைமூனைப் பார்த்தேன். கை முன்னே வந்தது, பாதியில் நின்றது. பிடுங்கவில்லை. பாய் உற்சாகத்தில் இன்னும் உயரத் தூக்கினார். புது வேட்டியில் காப்பி தெறித்தது.

"ஏங்க, கண்ணு எங்க இருக்கு? சிந்தாம ஆத்தத் தெரியாதா உங்களுக்கு?" என்று மைமூன் அதட்டினார்.

பாய் அந்தக் கையை அப்படியே நிறுத்திக்கொண்டு அவரைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அந்தக் கைக்கு விழுந்த முதல் திட்டு அதுதானாம்.